இரண்டு சுற்றுகளுக்கு இடையே

சோதனை மேடையில் பொருத்தப்பட்ட மின்மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுழற்சி வேகத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் செல்லும் வண்டியின் சுமையைப் போல, மறுமுனையில் இருந்த டைனமோமீட்டர் அதை இழுத்துப் பிடித்திருந்தது. வேகத்தை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டு நிரல் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை இயங்கும்; அந்த ஓர் இயக்கமே ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் 2 மில்லி நொடிக்குள் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். எஞ்சிய 8 மில்லி நொடி ஓய்வில் ஒரே ஒரு முகவரியை மாற்றி, அடுத்த சுற்றிலிருந்து பழைய நிரலுக்குப் பதிலாகப் புதிய நிரல் அழைக்கப்படும்படி செய்தோம். ஒரு சுற்றுகூடத் தவறவில்லை. நிரல் முடங்கினால் எச்சரிக்கும் காவல் கருவியான வாட்ச்டாக் குரைக்கவில்லை. பிழைப் பதிவேடு வெறுமையாகவே இருந்தது. ஆனால் மோட்டார் குலுங்கியது: முறுக்குவிசை சட்டென்று சரிந்தது, வேகம் இறங்கியது, ஏறத்தாழ இரண்டு நொடிகளுக்குப் பிறகே எல்லாம் பழைய நிலைக்கு வந்தது.

புதிய நிரலில் பிழை எதுவும் இல்லை. அதைத் தனியே எத்தனையோ முறை சோதித்திருந்தோம். பழைய நிரலிலும் பிழை இல்லை. மாற்றிய விதத்திலும், அன்று எனக்குத் தெரிந்த அளவில், பிழை இல்லை. ஓடும் வண்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுத்தாமல் மாற்றுவது பற்றி நான் ஏதாவது உருப்படியாகக் கற்றுக்கொண்டேன் என்றால், அந்த இரண்டு நொடிச் சரிவுக்கு விளக்கம் தேடியபோது கற்றதுதான்.

வேகக் கட்டுப்பாட்டு நிரல்களில் மிகப் பரவலானது, விகிதப் பகுதி, தொகையீட்டுப் பகுதி என இரண்டு பகுதிகளைக் கொண்டது. வேண்டிய வேகத்துக்கும் இருக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை விகிதப் பகுதி அந்தக் கணத்தில் பார்த்துச் செயல்படும். தொகையீட்டுப் பகுதியோ அந்த வேறுபாட்டைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வரும். வண்டி ஏற்றத்தில் சீரான வேகத்தில் செல்லும்போது வேறுபாடு சுழியம். ஆகவே விகிதப் பகுதி தருவதும் சுழியம். அப்படியானால் வண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டிருப்பது எது? கடந்த சில நொடிகளில் சேர்ந்து, இப்போது ஒரு மாறியில் எண்ணாக உட்கார்ந்திருக்கும் தொகையீடுதான். ஏற்றம் எவ்வளவு செங்குத்தானது, சுமை எவ்வளவு, எதிர்க்காற்று எவ்வளவு என்பதையெல்லாம் அந்த நிரலுக்கு யாரும் சொல்லவில்லை; அது பட்டுத் தெரிந்துகொண்டதன் சுருக்கம் அந்த ஒற்றை எண். நாங்கள் புதிய நிரலைக் கொண்டுவந்து வைத்தபோது அதன் தொகையீடு சுழியத்தில் தொடங்கியது. அதன் பார்வையில் சாலை சமதளம், வண்டி காலி. உண்மையை அது மீண்டும் முதலிலிருந்து கற்க இரண்டு நொடி பிடித்தது.

ஆலைகளில் வால்வுகளையும் கொதிகலன்களையும் இயக்கியவர்களுக்கு இது பழைய செய்தி. கையால் இயக்குவதிலிருந்து தானியங்கிக்கு மாற்றும்போது வால்வு துள்ளக்கூடாது என்பதற்காக அவர்கள் வகுத்த முறைக்குக் குலுக்கமற்ற மாற்றம் என்று பெயர். மாற்றும் கணத்தில் வெளியே சென்றுகொண்டிருக்கும் ஆணையை எடுத்து, அதிலிருந்து விகிதப் பகுதியைக் கழித்து, மீதியைப் புதியவரின் தொகையீடாக வைத்துவிடுவதே அதன் சாரம். மென்பொருள்காரர்களாகிய நாங்கள் நிரலை நகர்த்துவதைப் பற்றி மட்டுமே யோசித்தோம். கட்டுப்பாட்டுப் பொறியியலில் நூறு முறை விடை கண்ட கேள்வி ஒன்று எங்கள் மேசைக்கு வந்தபோது அதை அடையாளம்கூடக் காணவில்லை. இந்த இரு துறையினரும் ஒரே அறையில் அமர்ந்திருந்தும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் இருப்பது, நான் வேலை செய்த எல்லா இடங்களிலும் பார்த்த ஒன்று.

இரண்டாவது முயற்சியில் பழைய தொகையீட்டை அப்படியே புதிய நிரலுக்குப் படியெடுத்தோம். இம்முறை மோட்டார் சரியவில்லை, பாய்ந்தது. பழைய நிரல் வேறுபாடுகளின் கூட்டலைச் சேமித்து, வெளியேற்றும்போது கெழுவால் பெருக்கியது. புதிய நிரலை எழுதியவர், இன்னும் நல்ல முறையென்று கருதி, கெழுவால் முதலில் பெருக்கிவிட்டு, முறுக்குவிசையாகவே சேமித்தார். இரண்டிலும் மாறியின் பெயர் ஒன்று, வகை ஒன்று, நினைவகத்தில் அது பிடிக்கும் இடமும் ஒன்று. பொருள் மட்டும் வேறு. வகைகளைச் சரிபார்க்கும் கருவி எதுவும் இதைப் பிடிக்காது. வேகத்தை ஒருவர் மணிக்குக் கிலோமீட்டரிலும் மற்றொருவர் நொடிக்கு மீட்டரிலும் வைத்திருந்தாலும் இதே கதைதான். ஒரு மாறியின் பொருள் மாறியிருக்கிறதா என்பதை எழுதியவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அதுவும் இல்லை.

தொகையீடு ஒன்றுதான் என்றும் எண்ண வேண்டாம். சென்சார் இரைச்சலை வடிகட்டும் கணக்குகளுக்குக் கடந்தகாலம் உண்டு. சாலையின் சரிவையும் வண்டியின் எடையையும் மதிப்பிடும் கணக்குகள் பல நிமிடங்களாகத் திரட்டிய நம்பிக்கையைச் சுமக்கின்றன. ஒரு சென்சார் இத்தனை மில்லி நொடி தொடர்ந்து தவறாகக் காட்டினால்தான் பழுதென்று அறிவிப்பேன் என்று எண்ணிக்கொண்டிருக்கும் எண்ணிகள் இருக்கின்றன. மாற்றத்தின்போது அவை சுழியமானால், அறிவிக்க இன்னும் ஒரு சுற்றே மீதமிருந்த பழுது மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். நிரல் என்பது படிக்கட்டு போன்றது, இப்படி அது சேர்த்து வைத்திருக்கும் எண்களாகிய உள்நிலைதான் அதில் ஏறிக்கொண்டிருக்கும் ஆள். படிக்கட்டை மாற்றுபவர்கள் ஆளை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எந்தக் கணத்தில் மாற்றலாம் என்பதும் எளிய கேள்வி அல்ல. ஜெஃப் கிராமர், ஜெஃப் மேகி இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஓர் அடிப்படை விடை தந்தார்கள்: மாற்றப்படும் பகுதி தான் தொடங்கிய வேலை எதையும் பாதியில் வைத்திருக்கக்கூடாது, பிறர் தொடங்கிய வேலையிலும் பாதியில் சிக்கியிருக்கக்கூடாது, இனியும் எதிலும் சேராமல் ஒதுங்கியிருக்க வேண்டும். அந்த அமைதி நிலையை எட்டிய பிறகே மாற்ற வேண்டும். கேட்க இயல்பாக இருக்கிறது. ஆனால் ஒரு வண்டியின் மோட்டார் கட்டுப்பாட்டில் 100 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை ஓடும் மின்னோட்டச் சுற்று, 1 மில்லி நொடிச் சுற்று, 10 மில்லி நொடிச் சுற்று, 100 மில்லி நொடிச் சுற்று எல்லாம் ஒன்றின் எண்ணை மற்றொன்று வாசித்தபடி ஓடும். 10 மில்லி நொடி மேல்சுற்று அமைதியாக இருக்கும் எட்டு மில்லி நொடிக்குள் 100 மைக்ரோ நொடி கீழ்ச்சுற்று எண்பது முறை ஓடிவிடும். எல்லாமே ஒருசேர அமைதியாக இருக்கும் கணம் இருக்கிறதா என்பது அட்டவணையைப் பொறுத்தது. சில வடிவமைப்புகளில் அது வருவதே இல்லை, அல்லது சுமை குறைந்த வேளையில் மட்டும் வந்து, சோதனைச்சாலையில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

1996இல் தீபக் குப்தா, பங்கஜ் ஜலோட்டே, கௌதம் பரூவா மூவரும் நிறுவியது இன்னும் கறாரானது: ஓர் ஓட்டத்தின் நடுவே செய்யப்படும் மாற்றம் செல்லுபடியாகுமா, அதாவது புதிய நிரல் முதலிலிருந்து ஓடியிருந்தால் அடையக்கூடிய நிலைக்கு இது வந்து சேருமா என்பதை, எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் ஒரே பொது முறையால் தீர்மானிக்கவே முடியாது. ஆகவே, "எங்கள் கருவி எந்த நிரலையும் நிறுத்தாமல் பாதுகாப்பாக மாற்றித் தரும்" என்று யாராவது விற்க வந்தால், எந்த நிரலை, எந்த நிபந்தனைகளில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நிறுத்தாமல் மாற்றுவது பிற துறைகளில் அன்றாட வேலையாகவே நடக்கிறது என்பது உண்மை. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான எர்லாங் மொழியில் ஒரே தொகுதியின் இரண்டு பதிப்புகள் நினைவகத்தில் ஒருசேர இருக்கலாம். பழைய அழைப்புகள் பழைய பதிப்பிலேயே தொடர, உரிய இடத்தை எட்டும்போது புதிய பதிப்புக்குத் தாவும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்திலும் 2015 முதல் ஓட்டத்தின் நடுவே திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் தொலைபேசி இணைப்பகத்தில் ஒரு மாற்றம் தவறினால், அந்த ஓர் அழைப்பு அறுந்து, பேசியவர் மீண்டும் எண்ணைச் சுழற்றுவார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு 10 மில்லி நொடிச் சுற்றுக்குள் 28 சென்டிமீட்டர் கடந்துவிடுகிறது. அங்கே மீண்டும் சுழற்ற எண் எதுவும் இல்லை.

இனி வன்பொருளுக்கு வருவோம். கட்டுப்பாட்டுக் கணினியின் நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பைட்டை மட்டும் நினைத்தபடி மாற்ற இயலாது. ஒரு பகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அழித்துக்கொண்டிருக்கும்போது வங்கி எனப்படும் அதே நினைவகப் பிரிவிலிருந்து படிக்கவும் இயலாது; படிக்க இயலாத இடத்திலிருந்து நிரலை ஓட்டவும் இயலாது. ஆகவேதான் இரண்டு வங்கிகள் கொண்ட சில்லுகள் வந்தன: ஒன்றிலிருந்து வண்டி ஓடும், மற்றொன்றில் புதியது எழுதப்படும். எழுதி முடித்து, அது தயாரிப்பாளரிடமிருந்தே வந்தது என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு, அடுத்த தொடக்கத்தில் எந்த வங்கி என்பதைக் குறிக்கும் ஒரு குறியை மட்டும் மாற்றினால் போதும். மின்சாரம் எந்தக் கணத்தில் போனாலும் ஏதோ ஒரு முழுமையான நிரல் எஞ்சியிருக்கும். இதற்காக இருமடங்கு நினைவகத்துக்கு ஒப்புதல் வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை, செலவுக் கணக்கு பார்க்கும் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

புதிய நிரலை அந்த வங்கிக்குக் கொண்டுசேர்ப்பதே ஒரு பயணம். வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும், நொடிக்கு 500 கிலோபிட் வேகமுள்ள பழைய கேன் தடத்தில், 8 பைட் சுமக்கும் ஒரு செய்திக்குக் குறைந்தது 111 பிட் ஆகிறது. எனவே நொடிக்கு ஏறத்தாழ 4,500 செய்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு பைட் வரிசைக் கணக்குக்குப் போக மீதி ஏழு. கூட்டிப் பார்த்தால் நொடிக்கு 31 கிலோபைட் சொச்சம். இரண்டு மெகாபைட் நிரலுக்கு, தடம் முழுவதும் நமக்கே என்றால், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் வண்டி ஓடும்போது அந்தத் தடம் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் சொந்தம். பத்தில் ஒரு பங்கை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் பதினொரு நிமிடம். அவசரம் எதுவும் இல்லை. புதியது மெல்ல வந்து சேரட்டும். அது பின்னணியில் வந்துகொண்டிருக்கும்போது அவசரச் செய்தி ஒன்று ஒரு மில்லி நொடிகூடத் தாமதமாகக்கூடாது என்பதே இங்கு உண்மையான பாதுகாப்புக் கேள்வி. செய்தியின் அடையாள எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு முன்னுரிமை என்பது கேன் தடத்தின் விதி. புதுப்பிப்புச் செய்திகளுக்குப் பெரிய எண்ணைத் தருவது முதல் வேலை.

வங்கியை மாற்றினால் கணினி மறுதொடக்கம் ஆக வேண்டும். அதற்கு 300 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன வேகத்தில் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் கட்டுப்பாடின்றிச் செல்லும். இதனால்தான் பெரும்பாலான வண்டிகளில் "ஓடும்போதே புதுப்பித்தல்" என்பது ஓடும்போதே தயாராகி, நின்ற பிறகு மாறுவதாக இருக்கிறது. இதை ஒரு குறையாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. உள்நிலை மிகக் குறைவாக இருக்கும் கணத்தைத் தேடிப் போவதே இந்த வழியின் நுட்பம்: நின்றிருக்கும் வண்டியின் தொகையீடு சுழியம், வடிகட்டிகள் அடங்கியிருக்கின்றன, நீண்ட காலம் கற்ற மதிப்புகள் மட்டுமே கடத்தப்பட வேண்டியவை.

ஆனால் நிற்பது என்றால் என்ன? 2019 ஜனவரியில் பெய்ஜிங்கின் சாங்ஆன் சாலையில் நியோ நிறுவனத்தின் மின்கார் ஒன்று நெரிசலில் நின்றிருந்தபோது புதுப்பிப்பு தொடங்கிவிட்டது. வண்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடுச்சாலையில் அசையாமல் நின்றது. வேகம் சுழியம் என்று சென்சார் சொன்னதில் பொய் இல்லை. சக்கரம் சுழலாதிருப்பதை மட்டுமே அது அறியும். ஓட்டுநர் இறங்கிப் போய்விட்டாரா, இல்லை சிக்னலுக்காகக் காத்திருக்கிறாரா என்பதை அது அறியாது. நிறுத்துப் பிரேக், கியர், இருக்கையில் ஆள் இருப்பது, சாலைச் சரிவு, துணை பேட்டரியின் மின்னழுத்தம் என ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் "இப்போது மாற்றலாம்" என்ற முடிவைக் கட்ட வேண்டும். அப்போதும் அது ஊகம்தான். ஆகவேதான் கடைசியில் மனிதரின் ஒப்புதலையும் கேட்கிறார்கள். மனிதர் படிக்காமலேயே "சரி" என்று அழுத்துவார் என்பதையும் வடிவமைப்பவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

2020 ஜூனில் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஒழுங்குவிதி 156 இதைச் சட்டமொழியில் எழுதிவைத்திருக்கிறது. ஓட்டத்தின்போது புதுப்பிப்பது பாதுகாப்பற்றதாக இருக்கக்கூடுமெனில், அது நடக்கும் நேரத்தில் வண்டியை ஓட்ட முடியாதபடி செய்ய வேண்டும். புதுப்பிப்பு தோற்றால் பழைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ மீள வேண்டும். முடிப்பதற்கும், தோற்றால் மீள்வதற்கும் போதிய மின்னாற்றல் இருக்கும்போதுதான் தொடங்கவே வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையின் அருமை, பாதி எழுதிய ஃபிளாஷுடனும் இறந்த பேட்டரியுடனும் ஒரு கணினியை மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

நிறுத்தவே இயலாத வண்டிகளும் உண்டு. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, இறங்குவதைக் கைவிடும் பொத்தானின் சுவிட்ச் யாரும் அழுத்தாமலேயே அழுத்தப்பட்டதாகக் கணினிக்குச் சொல்லத் தொடங்கியது. அப்படியே இறங்கத் தொடங்கினால் கணினி தானாகவே பயணத்தைக் கைவிட்டு மேலே திரும்பியிருக்கும். நிரல், கம்பிகளாகப் பின்னப்பட்ட நிலையான நினைவகத்தில் இருந்தது. அதை யாராலும் மாற்ற முடியாது. பூமியிலிருந்த டான் அய்ல்ஸ் என்ற இளம் நிரலாளர் நிரலை விட்டுவிட்டு, அழித்தெழுதக்கூடிய நினைவகத்தில் இருந்த சில எண்களை மாற்றும் வழியைக் கண்டார்: கைவிடும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதாகக் கணினியை நம்பவைத்தால், அது அந்தப் பொத்தானைப் பார்க்காது. விண்வெளி வீரர்கள் விசைப்பலகையில் அந்த எண்களை ஒவ்வொன்றாக இட்டார்கள். இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. கணினி தானாகச் செய்யவேண்டிய சிலவற்றை, எஞ்சின் எரியத் தொடங்கிய பிறகு உந்துவிசையைக் கூட்டுவது உட்பட, அவர்கள் கையால் செய்ய வேண்டியிருந்தது. மாற்றப்பட்டது உள்நிலை மட்டும். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சுற்றிச் சுற்றி வரும் பொருளுக்கு இதைவிடக் கச்சிதமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வாயேஜர் 1 விண்கலம் இன்னொரு வகை. 2023 நவம்பரில் அதன் தகவல்கள் பொருளற்றவையாக வரத் தொடங்கின. தரவுகளைக் கட்டியனுப்பும் கணினியின் நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டிருந்தது. அங்கிருந்த நிரலை முழுதாக ஏற்க வேறு எங்கும் இடம் இல்லாததால், அதைத் துண்டுகளாக்கி வெவ்வேறு இடங்களில் வைத்து, அவற்றைச் சுட்டும் முகவரிகளையெல்லாம் திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் துண்டுகள் புறப்பட்டன. 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தி போக 22½ மணி நேரம், பதில் வர மீண்டும் 22½ மணி நேரம். ஏப்ரல் 20இல் பதில் வந்தது. அவ்வளவு தொலைவில் தவறு செய்துவிட்டுத் தடுக்க இயலாது. ஆனால் அவர்களுக்கு மாதக்கணக்கில் யோசிக்கும் நேரமும், திடீரென்று குறுக்கே யாரும் ஓடிவராத வெளியும் இருந்தன. சாலையில் செல்லும் வண்டிக்கு இரண்டும் இல்லை.

உண்மையிலேயே ஓடும்போதே கட்டுப்பாட்டு நிரலை மாற்றியாக வேண்டுமென்றால், எனக்கு நம்பிக்கை தரும் வழி ஒன்றுதான்: லூயி ஷாவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தாரும் 1990களில் வளர்த்த சிம்ப்ளெக்ஸ் அமைப்பு. அதில் எளிய, நன்கு ஆராயப்பட்ட, பழைய கட்டுப்பாட்டு நிரல் ஒன்று எப்போதும் உடன் ஓடிக்கொண்டிருக்கும். புதியது எவ்வளவு சிக்கலானதாகவும் இருக்கலாம். அதன் ஆணையைத் தீர்மானிப்பான் ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் சோதிக்கும். புதியது நல்லதா என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. "இந்த ஆணையை ஏற்ற பிறகும், எளியவரால் வண்டியை மீட்க முடிகிற எல்லைக்குள் நாம் இருப்போமா?" என்று மட்டும் கேட்கிறது. இல்லையென்றால் எளியவர் உடனே பொறுப்பேற்பார். புதிய நிரல் சரி என்று நிறுவ வேண்டிய பாரம், மீட்சி எல்லையைச் சரியாகக் கணித்தோம் என்று நிறுவும் பாரமாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது பாரமும் இலேசானது அல்ல. ஈரச்சாலையில் அந்த எல்லை சுருங்கும், டயர் தேய்ந்தால் இன்னும் சுருங்கும். ஆனாலும் அது கணக்கிடக்கூடிய ஒன்று. எளியவரையும் தீர்மானிப்பானையும் யார் மாற்றுவது என்று கேட்டால், அவற்றை வண்டியை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். நான் அதில் தகராறு செய்ய மாட்டேன்.

வண்டியில் ஒரே கணினி இருப்பதில்லை என்பது சிக்கலை இன்னும் பெருக்குகிறது. பிரேக் கணினி புதிய பதிப்பிலும் ஸ்டீயரிங் கணினி பழைய பதிப்பிலும் இருக்கும் இடைவேளையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். எல்லாக் கணினிகளும் "நான் தயார்" என்று சொன்ன பிறகே ஒன்றாக மாறுவது என்ற இருகட்ட முறை தரவுத்தளங்களிலிருந்து கடன் வாங்கப்பட்டது. வேண்டுமென்றே பொருந்தாத பதிப்புகளைக் கலந்து அனுப்பும் எதிரியையும் அது நினைவில் வைக்க வேண்டும். 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வலாசெக்கும் ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்து கைப்பற்றிக் காட்டி, 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்படக் காரணமானார்கள். அவர்களின் வழியில் ஒரு முக்கியப் படி, கேன் தடத்துடன் பேசும் சில்லின் நிரலைத் தாங்களே திருத்தி எழுதியது. கையொப்பத்தைச் சரிபார்க்காமல் நிரலை ஏற்கும் கணினிக்கு, தயாரிப்பாளரும் திருடரும் ஒன்றே.

பழைய பதிப்புக்குத் திரும்புவதைப் பலர் பாதுகாப்பு வலையாகப் பேசுகிறார்கள். அந்த வலையிலும் ஓட்டை உண்டு. புதிய பதிப்பு இரண்டு நாள் ஓடி, தான் கற்ற மதிப்புகளைப் புதிய வடிவில் நிலைநினைவகத்தில் எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழையது திரும்பி வந்து அவற்றைப் படித்தால் என்ன பொருள் கொள்ளும்? எங்கள் மேடையில் பாய்ந்த அந்த மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதும் ஒரு புதுப்பிப்பே. அதற்கும் உள்நிலையை மொழிபெயர்க்கும் நிரல் வேண்டும், அதற்கும் சோதனை வேண்டும். போதாக்குறைக்கு, ஓட்டையுள்ள பழைய பதிப்புக்குத் தள்ளிவிட்டுத் தாக்குவதைத் தடுக்க, பழையதை ஏற்காதே என்று பாதுகாப்புத் துறையினர் பூட்டுப் போடுவார்கள். ஒருவர் திறந்துவைக்கச் சொல்லும் கதவை மற்றவர் அடைக்கச் சொல்வார்; இருவர் சொல்வதும் நியாயம்.

மறுதொடக்கத்துக்கு ஆதரவாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015இல் போயிங் 787 விமானங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது: மின்னாக்கிகளின் கட்டுப்பாட்டுக் கணினிகள் 248 நாள் தொடர்ந்து அணைக்கப்படாமல் இருந்தால் ஒருசேர முடங்கக்கூடும், அதற்குள் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்று. இரண்டின் 31ஆம் அடுக்கை நூறால் வகுத்து நாள்களாக்கினால் 248½ வரும். நூற்றில் ஒரு நொடியை எண்ணும் எண்ணி நிரம்பும் காலம் அது. நிறுத்தாமல் மாற்றிக்கொண்டே போகும் அமைப்பு இத்தகைய எண்ணிகளையும் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு வாரிசுரிமையாகக் கடத்திக்கொண்டே போகும். உள்நிலையைக் காப்பாற்றுகிறோம் என்று அழுக்கையும் காப்பாற்றுகிறோம்.

எந்த நினைவகத்திலும் இல்லாத உள்நிலை ஒன்றும் இருக்கிறது. 2018இல் டெஸ்லாவின் மாடல் 3 காரை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ் சோதித்தபோது மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி பிடித்தது. வான்வழிப் புதுப்பிப்புக்குப் பிறகு 133 அடியாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நிற்கும் என்பதை ஓட்டுநரின் கால் கற்று வைத்திருக்கிறது. அந்தத் தொகையீட்டை எந்த நிரலாலும் மாற்றி எழுத இயலாது. பிரேக்கின் குணத்தை மாற்றும் எந்தப் புதுப்பிப்பையும் பயணத்தின் நடுவே செய்யக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு, கணினியைவிட அந்தக் கால்தான் காரணம்.

எங்கள் மேடைக்குத் திரும்புகிறேன். மூன்றாவது முயற்சியில் புதிய நிரலைப் பழையதோடு சேர்த்து ஓடவிட்டோம். சென்சார் எண்களெல்லாம் அதற்கும் கிடைக்கும், அதன் ஆணை மட்டும் மோட்டாருக்குப் போகாது. ஆணை போகாத நிரலின் தொகையீடு தன்போக்கில் ஊறிப் பெருகும் என்பதால், பழையவர் தரும் முறுக்குவிசையோடு ஒத்துப்போகும்படி அதை ஒவ்வொரு சுற்றிலும் இழுத்துப் பிடித்தோம். வடிகட்டிகளும் மதிப்பீடுகளும் தாமாகவே உண்மைக்கு வந்து சேர்ந்தன. சில நிமிடங்கள் இருவரின் ஆணைகளும் குறித்த வரம்புக்குள் ஒத்துப்போன பிறகு, 50 சுற்றுகளில், அதாவது அரை நொடியில், ஒருவரின் பங்கைக் குறைத்து மற்றவரின் பங்கைக் கூட்டினோம். சக்கரம் வழுக்கும் நிலையைச் செயற்கையாக உண்டாக்கியபோது அந்த ஒப்புதல் வரவே இல்லை; மாற்றம் காத்துக்கொண்டே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

வழுக்காத ஓட்டங்களின் பதிவில் முறுக்குவிசைக் கோடு ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே சீராக இருந்தது. மாற்றம் எந்த இடத்தில் நடந்தது என்று எங்களாலேயே சொல்ல இயலவில்லை. அறிக்கையில் காட்டுவதற்காக, மாறும் கணத்தில் உயர்ந்து தாழும் தனி சிக்னல் ஒன்றைச் சேர்த்து, சோதனையை மீண்டும் ஓட்ட வேண்டியிருந்தது.